அட்மிரல் பாரியின் நீர்வண்ணப் படங்கள்: ஓய்வுநேரக் கலையா, கடற்படைப் பணியா?

வினா | எழுதியவர்: நெய்தல்வாசி

அனைவருக்கும் வணக்கம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரியான பிரான்சுவா-எத்மோன் பாரி (1806–1893) குறித்துச் சில மாதங்களாகப் படித்து வருகிறேன். பாரி என்றதும் முல்லைக்குத் தேர் ஈந்தவர்தான் நம் நினைவுக்கு வருவார். இந்தப் பாரியோ கண்ணில் பட்ட படகுக்கெல்லாம் தாளும் வண்ணமும் ஈந்தவர். இளம் அதிகாரியாக இருந்த காலத்திலேயே மூன்று உலகச் சுற்றுப் பயணங்களில் பங்கேற்று, சென்ற இடங்களில் அந்தந்த மக்கள் கட்டிப் பயன்படுத்திய மரக்கலங்களை அளந்தும் வரைந்தும் நீர்வண்ணம் தீட்டியும் வைத்தார். அவற்றைக் கொண்டு 1840-களின் தொடக்கத்தில் பாரிஸில் அவர் வெளியிட்ட பெருநூலில் 130-க்கும் மேற்பட்ட படத்தாள்கள் உள்ளன. சோழமண்டலக் கரையின் கட்டுமரமும், பிரெஞ்சுக்காரர்கள் ‘ஷெலாங்’ என்று அழைத்த நம் சலங்கும் (பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டும் படகு) அவற்றுள் அடங்கும்.

எனக்கு இரண்டு ஐயங்கள் உள்ளன. போர்க்கப்பலில் காவல்முறை, கணக்கு, கயிறு, பாய் என்று நாள் முழுதும் வேலை இருந்த ஓர் அதிகாரிக்கு இவ்வளவு வரைய நேரம் எங்கிருந்து கிடைத்தது? வரைவது அவருடைய பணியின் ஒரு பகுதியா, அல்லது பணி முடிந்தபின் தமக்காகச் செய்துகொண்டதா? இதற்கான விடையைப் பொறுத்தே அப்படங்களை எப்படிப் பார்ப்பது என்று முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

அடுத்த ஐயம் நடைமுறை சார்ந்தது. நான் பொழுதுபோக்காக மரக்கல மாதிரிகள் செய்பவன். 20-இல் 1 பங்கு அளவில் ஒரு சலங்கு செய்யத் தொடங்கியிருக்கிறேன். பாரி தந்தவற்றுள் படகு அலையில் மிதக்கும் காட்சிப் படங்களும் உண்டு. பக்கத்தோற்றம், மேல்தோற்றம், குறுக்குவெட்டு என்று பிரித்துக் காட்டும் அளவுப்படங்களும் உண்டு. இவற்றுள் எதை முதன்மையாகக் கொள்வது? வண்ணத்தை அப்படியே நம்பலாமா? அறிந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாவேன்.

மறுமொழி 1 | எழுதியவர்: ஏட்டுப்பூச்சி

வணக்கம் ஐயா. முதலில் அவருடைய பணிவாழ்வைச் சற்று ஒழுங்குபடுத்திப் பார்த்துவிடலாம். நேரம் எங்கிருந்து வந்தது என்பதற்கான விடை பெரும்பாலும் அதிலேயே இருக்கிறது.

பதினான்கு வயதில், 1820-இல், அங்குலேம் நகரிலிருந்த கடற்படைப் பள்ளியில் பாரி சேர்ந்தார். கடற்கரையிலிருந்து வெகுதொலைவில் உள்ள ஓர் ஊரில் கடற்படைப் பள்ளியை வைத்தது அந்தக் காலத்திலேயே கேலிக்கு ஆளான ஏற்பாடு. அங்கிருந்து வெளிவந்தவருக்கு வாய்த்த முதல் பெரும் பயணம், துய்மோன் துர்வில் தலைமையில் 1826-இல் தூலோன் துறைமுகத்திலிருந்து புறப்பட்டு 1829-இல் திரும்பிய ‘அஸ்த்ரோலாப்’ கப்பலின் பயணமாகும். காணாமற்போன பிரெஞ்சுக் கடலோடி லா பெரூஸின் கப்பல்களுடைய எச்சங்களைப் பசிபிக் கடலிலுள்ள வனிக்கோரோ தீவில் 1828-இல் நேரில் கண்டது இந்தக் கப்பல்தான். இதில் அதிகாரபூர்வ ஓவியராக தெ சேன்சோன் என்பவர் இருந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். அதாவது, பாரி ஓவியராக அமர்த்தப்பட்டவர் அல்லர். கடல் அளவைப் பணியில் உதவிய இளைய அதிகாரி.

ஊர் திரும்பிய ஆண்டின் இறுதியிலேயே அடுத்த பயணம் தொடங்கிவிட்டது. லாப்லாஸ் என்பவரின் தலைமையில் ‘ஃபவோரித்’ என்ற கொர்வெட் (சிறு போர்க்கப்பல்) 1829 டிசம்பரில் புறப்பட்டு, புதுச்சேரி, சென்னை, ஏனாம் ஆகிய இடங்களைத் தொட்டு, மலாக்கா நீரிணை, மணிலா, மக்காவு, வியட்நாம் கரை, ஜாவா, சிட்னி, நியூசிலாந்து, தென்னமெரிக்கா என்று சுற்றி 1832-இல் திரும்பியது. கடல் அளவைப் பணியில் முக்கியப் பொறுப்பு இம்முறை பாரியிடம் இருந்தது; பயணத்தின் காட்சிகளை வரைந்தவரும் அவரே. அந்தப் பயணத்தின் படத்தொகுதி அச்சேறியபோது, பாரியின் மூலங்களைப் பார்த்து அச்சுக்காக மீண்டும் வரைந்தவர் முன்னைய பயணத்தின் ஓவியரான தெ சேன்சோன். ஆகவே, ஃபவோரித் பயணத்தின் அச்சுப் படங்களைப் பார்க்கும் எவரும் இடையில் இன்னொரு கை புகுந்திருக்கிறது என்பதை மறக்கலாகாது.

மூன்றாவது பயணம், அதே லாப்லாஸின் தலைமையில் 1837 முதல் 1840 வரை ‘ஆர்தெமிஸ்’ போர்க்கப்பலில் நடந்தது. அதன்போது புதுச்சேரியில் ஒரு தொழிற்கூடத்தைப் பார்வையிடச் சென்ற பாரியின் இடது கை இயந்திரத்தின் பற்சக்கரங்களுக்கிடையில் சிக்கிச் சிதைந்துவிட்டது. எந்தக் கரையின் படகுகளை அவர் அவ்வளவு அக்கறையோடு அளந்தாரோ, அந்தக் கரையிலேயே கையை இழந்தார். அந்த வயதில் ஒற்றைக் கையோடு திரும்பிய வேறு எந்த அதிகாரியும் ஓய்வூதியத்தை வாங்கிக்கொண்டு ஒதுங்கியிருப்பார் என்றே நினைக்கிறேன். இவரோ அதற்குப் பிறகுதான் தாங்கள் குறிப்பிட்ட பெருநூலை வெளியிட்டார். 1840-களின் நடுவில் ‘ஆர்க்கிமேத்’ என்ற நீராவிக் கப்பலுக்குத் தலைமையேற்றுச் சீனக்கடல் வரை சென்றார். தம் மாமனார் பொன்ஃபூவுடன் இணைந்து பாய்க்கப்பல், நீராவிக்கப்பல் இரண்டுக்குமான கலைச்சொல் அகராதியை உருவாக்கினார். கிரிமியப் போரில் பங்கேற்றார். 1864-இல் துணை அட்மிரல் நிலையை எட்டினார்.

இதில் எனக்கு வியப்பளிக்கும் செய்தி, கையைப் பறித்த இயந்திரத்தின்மீது அவருக்கு வெறுப்பு ஏற்படவில்லை என்பதே. கப்பலின் சுழல்விசிறி பற்றி 1855-இல் தனி நூல் எழுதும் அளவுக்கு நீராவிப் பொறியியலில் அவர் ஊறிப்போனார். பாய்மரக் காலம் முடிவதை இயந்திர அறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். மறையப்போவது எது என்று அப்படிப்பட்டவருக்குத் தெரிந்திருக்கும். சிற்றூர்ப் படகுகளை ஒன்றுவிடாமல் பதிவுசெய்த பொறுமையை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

1871 முதல் இறக்கும்வரை லூவ்ர் மாளிகையில் இயங்கிய கடற்படை அருங்காட்சியகத்தின் பொறுப்பாளராக இருந்து, தம் பழைய அளவுப்படங்களைக் கொண்டு பல படகு மாதிரிகளைச் செய்வித்தார். தாங்கள் இப்போது செய்யத் தொடங்கியிருக்கும் வேலையை அவரே தம் முதுமையில் செய்திருக்கிறார் என்பது தங்களுக்கு ஊக்கமளிக்கலாம்.

மறுமொழி 2 | எழுதியவர்: திசைமானி

ஏட்டுப்பூச்சி அவர்கள் வாழ்க்கையைச் சொல்லிவிட்டார். பணியா, ஓய்வா என்ற வினாவுக்கு என் விடை: அந்த இரண்டுக்கும் இடையில் இன்று நாம் போடும் கோடு அன்று அவ்வளவு அழுத்தமாக இல்லை.

ஒளிப்படக் கருவி புழக்கத்துக்கு வராத காலத்தில், அறியாத கரையை நெருங்கும் கப்பலுக்கு மிகவும் தேவைப்பட்டவை கடலாழத்தைக் காட்டும் வரைபடமும், கரை கடலிலிருந்து எப்படித் தோன்றும் என்பதைக் காட்டும் கரைத்தோற்றப் படமும் ஆகும். குன்று எந்த வடிவில் தெரிகிறது, கோயில் கோபுரமோ கோட்டையோ அதற்கு இடப்புறம் எவ்வளவு தள்ளி நிற்கிறது, அவ்வேளையில் கப்பலிலிருந்து அது எந்தத் திசையில் எத்தனை கல் தொலைவில் இருந்தது ஆகியவற்றை ஒரு நீண்ட தாளில் குறித்து வைத்தால், அடுத்து வரும் மாலுமி விடியற்காலை மங்கலிலும் தாம் எங்கு இருக்கிறோம் என்று தெரிந்துகொள்வார். இந்தப் படங்களில் பென்சில் கோட்டின்மேல் மெல்லிய நீர்வண்ணம் பூசுவது வழக்கம். அருகிலுள்ள நிலத்தைச் சற்றுக் கருமையாகவும் பின்னாலுள்ள மலையை வெளிறிய நீலமாகவும் தீட்டினால் எது முன்னே, எது பின்னே என்று கண் தானாகவே பிரித்தறிகிறது. பாறைமேல் கப்பலை ஏற்றிவிடாமல் இருப்பதற்கு உதவும் செய்தி அது.

பிரெஞ்சுக்காரர்களிடம் இந்த வேலை ஒரு முறையாகவே வளர்ந்திருந்தது. பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி தாந்திரகஸ்தோவின் பயணத்தில் (1791–1793) சென்ற போத்தோம்-போப்ரே என்ற அளவையாளர், கப்பல் நிற்கும் ஒவ்வொரு புள்ளியிலும் கரையை அகலமாக வரைந்து, அதில் தெரியும் முனை, மரம், பாறை ஆகியவற்றின் மேல் எதிரொளிப்பு வட்டக் கருவியால் அளந்த கோணங்களை எழுதிவைத்தார். பின்னர் அறையில் அமர்ந்து, வெவ்வேறு புள்ளிகளிலிருந்து வரைந்த படங்களை ஒப்பிட்டுக் கரையின் வரைபடத்தை உருவாக்கினார். வரைபவரின் கண் பிசகினால் எந்தக் கோணம் எந்தப் பாறைக்கு உரியது என்பதே குழம்பிவிடும். பாரி பயின்ற தலைமுறைக்கு இந்த முறையே பாடம். பிற்காலத்தில், 1864 முதல் 1871 வரை, பிரெஞ்சுக் கடற்படையின் வரைபடக் கருவூலத்துக்கு அவர் இயக்குநராக இருந்தார். இளமையில் கரை வரைந்தவர், முதுமையில் எல்லோருடைய கரைப் படங்களையும் சரிபார்க்கும் நாற்காலிக்கு வந்து சேர்ந்தார்.

ஆங்கிலேயர் பக்கமும் இதே நிலைதான். போர்ட்ஸ்மவுத் கடற்படைக் கல்லூரியில் ஓவிய ஆசிரியர் இருந்தார். ஷெட்கி என்ற புகழ்பெற்ற கடலோவியர் அங்கு பல ஆண்டுகள் பயிற்றுவித்தார். ஆனால் எல்லோரும் பள்ளியில் கற்றவர்கள் அல்லர். வடதுருவப் பகுதியில் ஆங்கிலேயப் பயணத்தலைவர் ஃபிராங்க்ளினுடன் நடந்து நீர்வண்ணப் படங்கள் தீட்டிய ஜார்ஜ் பேக், பதின்பருவத்தில் 1809-இல் பிரெஞ்சுக்காரரிடம் போர்க்கைதியாகச் சிக்கி, வெர்தன் நகரில் 1814 வரை அடைபட்டிருந்த காலத்தில்தான் கணக்கோடு ஓவியத்தையும் பழகிக்கொண்டார்.

பணிக்காக வரையக் கற்ற கை பணிக்கு அப்பாலும் போகும். பிரான்சிஸ் மெய்னெல் என்ற ஆங்கில லெப்டினன்ட், தம் கப்பல் 1845-இல் கைப்பற்றிய அடிமைக் கப்பலின் கீழ்த்தளத்தை ஒரு சிறிய நீர்வண்ணப் படமாக வரைந்துவைத்தார். மூட்டைகளின் மேலும் பீப்பாய்களின் மேலும் மனிதர்கள் அமர்ந்தும் கிடந்தும் இருக்கும் அந்தப் படம் இப்போது கிரீனிச் கடல்சார் அருங்காட்சியகத்தில் உள்ளது. அப்படி ஒரு கப்பலின் உள்ளிருந்து நேரில் பார்த்து வரையப்பட்டவை மிகக் குறைவு என்பதால், வரலாற்றாசிரியர்கள் மீண்டும் மீண்டும் அதனிடம் திரும்பி வருகிறார்கள்.

ஆகவே, பாரியின் படகுப் படங்கள் எவரும் ஆணையிட்டு வாங்கியவை அல்ல என்றாலும், ஆணையின்படி செய்யும் வேலைக்குரிய ஒழுக்கத்தோடு செய்யப்பட்டவை. நேரத்தைப் பொறுத்தவரை, கடலில் இருக்கும்போது கிடைப்பது குறைவுதான். ஆனால் குடிநீரும் விறகும் ஏற்றவும் சிதைந்ததைச் சீர்செய்யவும் கப்பல் வாரக்கணக்கில் நங்கூரமிட்டுக் கிடக்கும். ஆர்தெமிஸ் 1839-இல் தாகித்தியருகே பவளப்பாறையில் மோதியபின், பழுதுபார்க்க பப்பீத்தேயில் நெடுநாள் தங்க நேர்ந்தது. கப்பலுக்கு நேரும் இத்தகைய தாமதங்களே வரைபவருக்குக் கிடைக்கும் விடுமுறை.

மறுமொழி 3 | எழுதியவர்: தண்டல் பேரன்

நான் நூலறிவு மிகுந்தவன் அல்லன். என் தாய்வழிப் பாட்டனார் சோழமண்டலக் கரையில் சலங்கு ஓட்டிய தண்டல், அதாவது படகுத் தலைவர். பின்னாளில் அதே வகைப் படகில் கரைவலை இழுத்தவர். தாங்கள் சலங்கு செய்யப் போவதாக எழுதியிருப்பதால், படகின் பக்கமிருந்து சில செய்திகளைச் சொல்கிறேன்.

துறைமுகம் கட்டப்படாத காலத்தில் புதுச்சேரியிலும் சென்னையிலும் பெரிய கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்கும். ஆளும் சரக்கும் கரை சேர வேண்டுமானால் ஒன்றன்பின் ஒன்றாக மடிந்து விழும் அலைவரிசையைத் தாண்டியாக வேண்டும். கப்பலின் சொந்தப் படகு அதற்கு உதவாது. ஆணியடித்து, உள்ளே விலாக்கட்டைகள் வைத்து இறுக்கிய படகு, அலை தூக்கி மணலில் அறைந்ததும் பிளந்துவிடும். சலங்கில் ஆணி இல்லை, விலாக்கட்டை இல்லை. பலகைகளின் விளிம்பில் துளையிட்டு, இணைப்பின்மேல் வைக்கோலைத் திரித்து வைத்து, தென்னைநார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். தரையில் மோதும்போது அடிப்பலகை உள்வாங்கிப் பிறகு பழைய நிலைக்குத் திரும்பும். “படகு மூச்சு விடவேண்டும்” என்பார் பாட்டனார். தையலை மிகவும் இறுக்கிவிட்ட ஆளைத் திட்டும்போது அவர் சொல்லும் சொல் அது. தையலின் வழியே நீர் கசிந்துகொண்டே இருக்கும். அதை இறைப்பதற்கென்றே ஒரு பையன் படகில் இருப்பான். அந்தப் பையனாகத்தான் தாமும் தொழிலுக்கு வந்ததாகப் பாட்டனார் சொல்வார்.

தங்கள் ஐயம் இங்குதான் சிக்கலாகிறது. இறுக்கமான கப்பலை அளப்பதும் இப்படிப்பட்ட படகை அளப்பதும் ஒன்றல்ல. கரையில் ஏற்றிவைத்த சலங்கின் அடிப்பகுதி மணலில் படிந்து தட்டையாக விரியும். பக்கவாட்டுப் பலகைகள் சற்று வெளிப்புறமாகச் சாயும். நீரில் இறக்கி, ஆளேற்றி, துடுப்பு போடும்போது வடிவம் மாறும். பலகை காய்ந்திருந்த நாளுக்கும் ஊறியிருந்த நாளுக்கும் வேறுபாடு உண்டு. அளவுப்படம் எவ்வளவு நேர்மையாக எடுக்கப்பட்டிருந்தாலும், அது மணலில் இருந்த ஒரு படகின் ஒருநாள் வடிவம். அலையில் மிதப்பதை வரைந்த காட்சிப் படத்தில் அளவு இராது. ஆனால் படகு வேலை செய்யும்போது எப்படி வளைந்திருந்தது என்பது அதில் இருக்கும். எனவே, நீளம், அகலம், பலகைகளின் எண்ணிக்கை, தையல் துளைகளின் இடைவெளி ஆகியவற்றை அளவுப்படத்திலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். அணியத்தின் (படகின் முன்பகுதி) தூக்கம், ஆட்கள் அமரும் இடம், தண்டல் பின்னால் நின்று நீண்ட துடுப்பைப் பிடிக்கும் நிலை ஆகியவற்றைக் காட்சிப் படத்தில் பாருங்கள்.

கட்டுமரத்துக்கும் இது பொருந்தும். கடலிலிருந்து வந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே மணலில் உலரவிடுவார்கள். அவ்வேளையில் வந்து பார்க்கும் வெளியூர்க்காரருக்கு அங்கே படகே இராது. நாலைந்து மரத்துண்டுகள்தாம் கிடக்கும். பாரி அதைக் கட்டிய நிலையில் அளந்து வரைந்திருக்கிறார் என்றால், விடியலுக்கு முன்போ ஆட்கள் கரையேறும் நேரத்திலோ கடற்கரைக்குச் சென்று, மீனவர்களிடம் பேசிக் காத்திருந்திருக்க வேண்டும். கப்பல் தளத்தில் நின்றபடி தொலைநோக்கியில் பார்த்து வரைந்துவிடக்கூடியது அல்ல அது. ஒரு வெள்ளைக்கார அதிகாரி நாடாவோடு வந்து மரத்தை அளந்தபோது நம் ஆட்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன். வரி போட வந்தவர் என்றுதான் முதலில் நினைத்திருப்பார்கள்.

இன்னொரு செய்தி. திருகோணமலையில் கப்பல் கட்டும் பணியில் இருந்த ஜான் எடி என்ற ஆங்கிலேயர், சோழமண்டலம், மலபார், இலங்கை ஆகிய கரைகளின் மரக்கலங்களைப் பற்றிய கட்டுரை ஒன்றைப் படங்களுடன் 1834-இல் வெளியிட்டார். பாரியின் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க, ஏறத்தாழ அதே காலத்தில் வேறொரு கண் பார்த்த சான்று அது. தொழில்முறைக் கப்பல் தச்சரின் கண்ணும் கடற்படை அதிகாரியின் கண்ணும் எங்கே ஒத்துப்போகின்றன என்று பாருங்கள். அந்த இடங்களில் துணிந்து மரத்தை அறுக்கலாம்.

மறுமொழி 4 | எழுதியவர்: ஈரத்தூரிகை

வண்ணத்தை நம்பலாமா என்ற வினாவுக்கு மட்டும் விடை சொல்கிறேன். பல ஆண்டுகளாக நீர்வண்ணத்தில் வரைந்து வருபவன் என்ற முறையில் என் பரிந்துரை: அடையாளமாக நம்புங்கள், அளவாக நம்பாதீர்கள்.

பாரியின் இளமைக்காலத்தில் நீர்வண்ணம் காய்ந்த கட்டிகளாகக் கிடைத்தது; பீங்கான் தட்டில் உரைத்துக் கரைக்க வேண்டும். ஈரப்பதமுள்ள வண்ணக்கட்டிகள் 1830-களில்தான் கடைக்கு வந்தன. பிதுக்கும் உலோகக் குழாய்க்கு 1841-இல்தான் காப்புரிமை பெறப்பட்டது. சிறிய பெட்டியில் பத்துப் பன்னிரண்டு கட்டிகள், ஓரிரு தூரிகை, ஒரு குவளை நீர் ஆகியவை இருந்தால் போதும் என்பதாலேயே கப்பலில் இந்தக் கலை வேரூன்றியது. எண்ணெய் வண்ணம் காயப் பல நாள் ஆகும். ஆடும் கப்பலில், பலர் நெருங்கி வாழும் இடத்தில், அதற்கு வழியில்லை.

அந்தக் குவளை நீரும் எளிதில் கிடைத்துவிடாது. சுற்றிலும் கடல் இருந்தாலும் கடல்நீரில் வண்ணம் கரைக்கலாகாது. நான் ஒருமுறை ஆர்வக்கோளாறால் கடற்கரையில் அமர்ந்து அப்படிச் செய்து பார்த்திருக்கிறேன். தீட்டியபோது ஒன்றும் தெரியவில்லை. வானத்துக்குப் பூசிய நீலம் அழகாகவே படர்ந்தது. காய்ந்தபின் அதில் உப்பு பூத்து, வெள்ளைப் புள்ளிகளும் மரக்கிளை போன்ற கோடுகளும் எழுந்தன. அதைவிட மோசம், மழைக்காலம் வந்ததும் தாள் மறுபடியும் பிசுபிசுத்தது. கடலுப்பில் உள்ள மெக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்வதே அதற்குக் காரணம். ஆகவே, பங்கிட்டுத் தரப்படும் குடிநீரில் ஒரு பகுதியைத்தான் மாலுமி தம் தூரிகைக்கு ஒதுக்க வேண்டியிருந்தது. அதோடு, வெப்பமண்டல ஈரத்தில் தாளின் பசைப்பூச்சு கெட்டுவிடும். அத்தகைய தாளில் வண்ணம் மேலே நிற்காமல் உறிஞ்சப்பட்டுத் திட்டுத்திட்டாகும். களத்தில் பென்சில் கோடும் குறிப்பும் மட்டும் எடுத்துக்கொண்டு, வண்ணத்தைப் பின்னர் நிதானமாகப் போடும் வழக்கம் பரவலாக இருந்ததற்கு இவையெல்லாம் காரணம். பலகை பழுப்பு, பாய் காவி என்று ஓரத்தில் எழுதிவைத்த சொல்லைப் படித்துப் பல மாதம் கழித்து வண்ணம் தீட்டினால், அது நினைவின் வண்ணமே.

காலம் செய்யும் மாற்றம் தனி. அவுரி நீலம், கார்மைன் சிவப்பு, கம்போஜ் மஞ்சள் போன்றவை வெளிச்சத்தில் மெல்ல வெளுக்கும். அவுரியும் கம்போஜும் கலந்து உண்டாக்கிய பச்சையில் ஒன்று முந்திக்கொண்டு மறைந்தால் தென்னந்தோப்பு நிறம் மாறிவிடும். பிரிட்டனில் ரஸ்ஸலும் ஆப்னியும் 1888-இல் அளித்த ஆய்வறிக்கை இந்த வெளுப்பை முறையாகச் சோதித்துக் காட்டியது. இன்று அருங்காட்சியகங்கள் காகிதப் படங்களை ஏறத்தாழ 50 லக்ஸ் (ஒளிச்செறிவின் அலகு) அளவுள்ள மங்கிய ஒளியில், அதுவும் சில மாதங்களுக்கு மட்டும் காட்சிக்கு வைப்பது இந்தக் காரணத்தால்தான். மண்ணிலிருந்து எடுத்த காவி, பழுப்பு வகைகள் அப்படி வெளுப்பதில்லை. ஆக, பழைய படத்தில் பலகையின் பழுப்பு ஓரளவு அப்படியே இருக்கும். வானமும் மரமும் துணியும்தான் ஏமாற்றும். திரையில் பார்க்கும் மின்படியில் இதற்கு மேலும் ஒரு பிழை சேர்கிறது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

தங்கள் சலங்குக்கு உண்மையான மரத்தையும் நாரையும் பயன்படுத்துவதாக இருந்தால் வண்ணத்தைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்? பொருளே தன் நிறத்தைக் கொண்டுவந்துவிடும்.

வினாவியவரின் மறுமொழி | நெய்தல்வாசி

நால்வருக்கும் நன்றி. இவ்வளவு நிறைவான விடைகளை நான் எதிர்பார்க்கவில்லை.

திசைமானி அவர்களின் விளக்கத்துக்குப் பிறகு என் முதல் வினாவே சற்றுத் தவறாகக் கேட்கப்பட்டதாகத் தோன்றுகிறது. கலையையும் பணியையும் இரண்டு தட்டுகளில் வைத்து நான் நிறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கரைத்தோற்றத்தில் பின்மலைக்கு வெளிறிய நீலம் பூசக் கற்ற அதே கைதான் அலைக்கு நடுவே சலங்கையும் தீட்டியது என்று கொண்டால், காட்சிப் படத்தையும் இனி அலங்காரமாக ஒதுக்க முடியாது.

தண்டல் பேரன் அவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். நான் மாதிரியின் உள்ளே, வடிவம் நிற்பதற்காக, மெல்லிய விலாக்கட்டைகளை ஏற்கெனவே ஒட்டிவிட்டேன். நேற்றிரவு தங்கள் மறுமொழியைப் படித்ததும் அவற்றைக் கழற்றத் தொடங்கினேன். மூன்று வந்துவிட்டன, இரண்டு பலகையோடு பிய்ந்துவிட்டன. இனி வெளியே ஓர் அச்சுக்கட்டை செய்து, அதன்மேல் பலகைகளை வளைத்துத் தைத்தபின் அச்சை எடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன். தையல் நூலுக்குத் தென்னைநாரையே மெல்லியதாகத் திரிக்க முயன்றேன். இந்த அளவுக்கு அது முரடாக இருக்கிறது. பாட்டனார் இணைப்பின்மேல் வைக்கோலை வைத்துத் தைத்தபோது, கயிறு உட்புறம் குறுக்காகவும் வெளிப்புறம் நேராகவும் வந்ததா, அல்லது இருபுறமும் குறுக்காகவே வந்ததா என்பது தங்களுக்கு நினைவிருக்கிறதா?

மறுமொழி 5 | எழுதியவர்: தண்டல் பேரன்

உட்புறம் குறுக்குத் தையல், வைக்கோல் திரியை அழுத்திப் பிடிக்கும்படி. வெளிப்புறம் மணலில் தேயாமல் இருக்கக் கயிறு குறைவாகத் தெரிய வேண்டும் என்பதால் நேராக வரும் என்பதே என் நினைவு. ஆனால் அப்போது எனக்கு ஏழெட்டு வயது. படகின் வெளிப்புறத்தைவிட, நீர் இறைக்க இறங்கிய உட்புறத்தையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். எடியின் படத்தையும் பாரியின் குறுக்குவெட்டையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டுத் துளையிடுங்கள். பிய்ந்த பலகைகளைத் தூக்கி எறிய வேண்டாம். நீரில் ஊறவைத்தால் மறுபடியும் வளையும்.